பொங்கல் கழியட்டும்

திண்டுக்கல் பக்கம் படிக்கிற பிள்ளை இருக்கும் வீடுகளில் மார்கழி மாதம் அடிக்கடி கேட்கும் பேச்சு இது: "அரைப்பரீட்சைதான் முடிஞ்சிருச்சுல்லம்மா, பொங்கல் கழியட்டும், உக்காந்து படிச்சிர்றேன்." அம்மாவும் சரியென்று விட்டுவிடுவாள். பொங்கல் கழியும். அடுத்த வாரம் பக்கத்து ஊரில் ஜல்லிக்கட்டு, பிறகு தைப்பூசம், நடுவில் சித்தி வீட்டுக் கல்யாணம். மாசி பிறந்து நிமிர்ந்து பார்த்தால் பிளஸ் டூ பிள்ளைக்குச் செய்முறைத் தேர்வு வந்திருக்கும். தள்ளிவைத்த பாடமெல்லாம் ஒரே மூட்டையாகக் கண்முன் கிடக்கும். எந்தப் பக்கம் அவிழ்ப்பது என்று தெரியாமல் பிள்ளை போனை எடுத்துக்கொண்டு மூலையில் உட்காரும். அதைத்தான் நாம் "சோம்பேறி" என்கிறோம்.

பெரும்பாலான பிள்ளைகளின் விஷயத்தில் அந்தப் பட்டம் தவறு என்பது என் உறுதியான எண்ணம். மார்கழியிலும் தையிலும் படிப்பில் பிடிப்பு தளர்வதற்குக் கண்ணுக்குத் தெரியும் காரணங்கள் இருக்கின்றன. காரணம் தெரிந்தால் அதைச் சரிசெய்யும் வழியும் தெரியும்.

முதலில் குளிரைப் பார்ப்போம். வடநாடுகளில் குளிர்காலச் சோர்வு என்பது மருத்துவர்கள் ஒப்புக்கொண்ட ஒன்று. பகல் வெளிச்சம் குறைவதால் சிலருக்கு வரும் மனச்சோர்வை நார்மன் ரோசென்தாலும் அவருடன் வேலைசெய்த ஆய்வாளர்களும் 1984-இல் ஒரு தனி நோய்நிலையாக விவரித்தார்கள். லண்டனில் டிசம்பர் பகல் எட்டு மணி நேரத்துக்கும் குறைவு. பின்லாந்தின் ஹெல்சின்கியில் ஆறு மணி நேரம்கூட இல்லை. திண்டுக்கல் பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 10 டிகிரியில் இருக்கிறது. இங்கே ஆண்டின் மிகக் குறுகிய பகலே பதினொன்றரை மணி நேரம். ஜூன் மாதத்து நீண்ட பகலோடு ஒப்பிட்டால் ஒன்றேகால் மணி நேரம்தான் குறைவு. ஆகவே அந்த நாட்டுக் காரணத்தை அப்படியே இங்கே கொண்டுவந்து வைக்க முடியாது.

ஆனால் நம் ஊர்க் குளிர்காலத்திலும் ஒரு நுட்பமான விஷயம் இருக்கிறது. பெற்றோர் பலர் இதைக் கவனித்திருக்க மாட்டார்கள். டிசம்பர் 22 வாக்கில் பகல் நீளத் தொடங்கிவிடுகிறது. அப்படி நீள்வது மாலைப் பக்கம்தான். காலையில் சூரியன் எழும் நேரம் ஜனவரி கடைசி வரை தள்ளிக்கொண்டே போகிறது. ஜூன் மாதம் திண்டுக்கல்லில் ஆறு மணிக்கே வெயில் வந்துவிடும். டிசம்பர் மூன்றாம் வாரத்தில் அது ஏறக்குறைய ஆறரை. ஜனவரிக் கடைசியில் 6.40. சிறுமலைப் பக்கம் பனி மூடியிருந்தால் முற்றத்தில் வெளிச்சம் விழ இன்னும் நேரமாகும். ஆவணியில் ஐந்தரைக்குத் தானாக எழுந்த பிள்ளை தை மாதம் அதே ஐந்தரைக்கு எழ அடம்பிடித்தால் அதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. உடம்பு கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. வெளிச்சத்தைப் பார்க்கிறது.

இதனால் நான் சொல்வது எளிது. இந்த இரண்டு மாதமும் பிள்ளையைப் போர்வைக்குள் இருந்தபடியே படிக்க விடாதீர்கள். எழுந்தவுடன் டியூப் லைட்டைப் போடுங்கள். முகம் கழுவட்டும். வெயில் வந்ததும் பத்து நிமிடம் வாசலில் நிற்கட்டும், கோலம் போடும் அக்காவுக்குப் பொடி எடுத்துக் கொடுக்கட்டும். காலை வெளிச்சம் கண்ணில் பட்டால்தான் இரவு தூக்கமும் நேரத்துக்கு வரும்.

நாலு மணிக்கு எழுப்பும் வழக்கத்தைப் பற்றியும் இங்கே பேசியாக வேண்டும். விடிகாலைப் படிப்பு மனசில் நிற்கும் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறோம். மார்கழியில் கோயில் பாட்டே எழுப்பிவிடுகிறது. ஒன்பது மணிக்குப் படுக்கிற பிள்ளைக்கு அது பொருந்தும். ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து ஏழு மணிக்கு வீடு வந்து, பதினொன்றுக்குப் படுத்த பிள்ளையை நாலு மணிக்கு எழுப்பினால் கிடைப்பது ஐந்து மணி நேரத் தூக்கம். 13 முதல் 18 வயது வரை எட்டு முதல் பத்து மணி நேரமும், 6 முதல் 12 வயது வரை ஒன்பது முதல் பன்னிரண்டு மணி நேரமும் தூங்க வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016-இல் பரிந்துரைத்தது. பகலில் படித்தது மனதில் பதிவதற்கு அந்தத் தூக்கம் தேவை. அதை வெட்டி எடுத்துப் படிக்கவைப்பது விதைநெல்லைக் குத்திச் சமைப்பது போன்றது.

குளிரையும் இருட்டையும் விடப் பெரிய காரணம் வேறு. இந்தக் காலத்தில் நாட்களே துண்டு துண்டாகிவிடுகின்றன. ஐப்பசி, கார்த்திகையில் மழைக்கு விடும் விடுமுறை. மழை நின்றதும் கொசு, காய்ச்சல். டெங்கு வந்த பிள்ளைக்குக் காய்ச்சல் ஒரு வாரத்தில் விட்டாலும் அசதி பல வாரம் இருக்கக்கூடும். "காய்ச்சல்தான் போயிருச்சே, ஏன் இன்னும் படுத்தே கிடக்கே?" என்று கேட்கக் கூடாத நேரம் அது. டிசம்பர் நடுவில் அரையாண்டுத் தேர்வு, அது முடிந்ததும் கிறிஸ்துமஸ், புத்தாண்டு விடுமுறை. பள்ளி திறந்து பத்துநாள் போனால் பொங்கல். பிறகு புகையிலைப்பட்டி, கொசவபட்டி என்று ஊருக்கு ஊர் வாடிவாசல். அதோடு, காரைக்குடிப் பக்கமிருந்து நத்தம் வழியாகப் பழநிக்கு நடக்கும் பாதயாத்திரைக் கூட்டம் இரவும் பகலும் திண்டுக்கல் சாலைகளில் போய்க்கொண்டே இருக்கும். அவர்களுக்கு மோர் கொடுக்கவும் சாப்பாடு போடவும் ஊரே இறங்கும். பிள்ளைகளும் இறங்குவார்கள். இறங்கட்டும். இதையெல்லாம் பார்க்காமல் ஒரு பிள்ளை வளர வேண்டும் என்று யாரும் விரும்ப மாட்டார்கள்.

நிலக்கோட்டை பக்கம் பூத்தோட்டம் உள்ள வீடுகளில் இன்னொரு நெருக்கடியும் உண்டு. பனி விழுந்தால் மல்லிகைச் செடியில் அரும்பு குறையும். தை முகூர்த்தத்துக்குத் தேவை கூடும். விலை கிலோவுக்கு ஆயிரக்கணக்கில் ஏறும். ஓர் அரும்பையும் விடக்கூடாது என்று விடியும் முன்பே தோட்டத்துக்குள் இறங்கும்போது பிள்ளையின் கையும் கூப்பிடப்படுகிறது. அந்த வீட்டின் கஷ்டம் எனக்குப் புரிகிறது. இருந்தாலும் பரீட்சை எழுதும் பிள்ளையை ஜனவரியிலிருந்து தேர்வு முடியும் வரை பூப்பறிக்கக் கூப்பிடாதீர்கள் என்றுதான் சொல்வேன். பனியில் நின்று பூப்பறித்துவிட்டு எட்டு மணிப் பஸ்ஸைப் பிடித்து ஓடும் பிள்ளை முதல் பீரியடில் தூங்கும். அந்தத் தூக்கத்தில் போவது ஒரு பாடம் மட்டும் அல்ல, வாத்தியார் பிள்ளைமேல் வைத்திருக்கும் நம்பிக்கையும் சேர்ந்து போகும்.

சின்னாளப்பட்டியில் தறியைப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். பாவு நூல் அறுந்தால் தறியை நிறுத்தி, அந்த இழையைத் தேடி முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் மேற்கொண்டு நெய்வார்கள். அறுந்த இழையை அப்படியே விட்டு ஓட்டினால் சேலையில் கோடு விழும். விடுமுறை முடிந்த மறுநாள் பிள்ளைக்குத் தேவைப்படுவது அந்த முடிச்சுதான். நாம் பெரும்பாலும் அதைச் செய்வதில்லை. "பத்து நாள் ஆடுனது போதும், இன்னிக்கு அஞ்சு பாடத்தையும் முடி" என்று உட்காரவைக்கிறோம். அஞ்சு பாடம் முடியாது என்பது பிள்ளைக்கு உட்காரும் முன்பே தெரியும். முடியாது என்று தெரிந்த வேலையை எந்த மனிதனும் ஆசையாகத் தொடங்க மாட்டான்.

விடுமுறைக்குப் பின் முதல் நாள் இருபது நிமிடம் போதும். அதுவும் பிள்ளைக்கு ஓரளவு தெரிந்த பாடமாக இருக்கட்டும். இரண்டு கணக்கு, அல்லது தமிழில் ஒரு செய்யுள், அல்லது அறிவியலில் ஒரு படம் வரைந்து பாகம் குறிப்பது. முடித்தவுடன் எழுந்துவிடலாம். மறுநாள் அரைமணி. மூன்றாம் நாள் முக்கால் மணி. ஒரு வாரத்தில் பழைய அளவுக்கு வந்துவிடும். நேரமும் இடமும் மட்டும் மாறக்கூடாது. ஆறரை மணிக்கு, ஜன்னலோரம், அந்தப் பலகை என்றால் தினமும் அதுதான். "மூடு வந்தா படிக்கிறேன்" என்ற பேச்சுக்கு இதுதான் பதில்: மூடு வந்தபின் உட்காருவதில்லை, உட்கார்ந்தபின் வருவதுதான் மூடு. முதல் ஐந்து நிமிடம் தாண்டுவது கஷ்டம், பிறகு கை தானாக ஓடும். சமைக்க எழுந்திருக்க மனமில்லாமல் கிடந்து, அடுப்பைப் பற்றவைத்த பிறகு வேலை ஓடிவிடுவது அம்மாக்களுக்குத் தெரியாததா?

போனை அந்த நேரத்தில் வேறு அறையில் வையுங்கள். கவிழ்த்து வைத்தால் போதாது. பாடத்துக்காகப் போன் வேண்டும் என்றால், பார்த்து முடித்தவுடன் அது அறையை விட்டுப் போக வேண்டும். அந்த நேரம் அப்பாவின் போனும் அடங்கியிருந்தால் பிள்ளைக்குச் சொல்லும் யோக்கியதை நமக்கு வரும்.

இனி அரையாண்டு விடைத்தாள். ஜனவரியில் பிள்ளையின் மனம் உடைவது பெரும்பாலும் இதைக் கையில் வாங்கும்போதுதான். கணக்கில் 100-க்கு 28 என்று வருகிறது. வீட்டில் எல்லோரும் 28-ஐப் பார்க்கிறார்கள். பாஸுக்கு 35 வேண்டுமே என்று அடித் தொண்டையில் கத்துகிறார்கள். தாளைப் புரட்டி உள்ளே யாரும் பார்ப்பதில்லை. அது குப்பைக்குப் போகிறது. அந்த வீட்டிலேயே விலைமதிப்பான காகிதம் அதுதான்.

அதை எப்படிப் படிப்பது? போன மார்க்குகளை மூன்று கூறாகப் பிரியுங்கள். தெரியாததால் விட்டது ஒன்று. தெரிந்தும் தவறியது இரண்டாவது. கூட்டலில் பிசகு, அலகு எழுதாதது, கேள்வியைச் சரியாகப் படிக்காதது எல்லாம் இதில் சேரும். நேரம் போதாமல் விட்டது மூன்றாவது. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. நேரம் போதாத பிள்ளைக்கு இன்னொரு பாடத்தைப் புதிதாகத் திணித்தால் பயன் இல்லை. அது கடிகாரத்தை வைத்து எழுதிப் பழக வேண்டும். தெரிந்தும் தவறும் பிள்ளை, எழுதியபின் பத்து நிமிடம் ஒதுக்கித் திருத்திப் பார்க்கப் பழக வேண்டும்.

தெரியாமல் விட்டதுதான் பெரிய கூறு என்றால், எது கைக்கு எட்டுமோ அதிலிருந்து தொடங்குங்கள். பத்தாம் வகுப்புக் கணக்குத் தாளையே எடுத்துக்கொள்வோம். ஒரு மார்க் கேள்வி 14. இரண்டு மார்க்கில் பத்து, ஐந்து மார்க்கில் பத்து எழுத வேண்டும். கடைசியில் வடிவியல் வரைவதற்கு 8, வரைபடத்துக்கு 8. ஸ்கேலும் காம்பஸும் பிடிக்கத் தெரிந்த எந்தப் பிள்ளையும், சராசரிக்குக் கீழே என்று ஒதுக்கப்பட்ட பிள்ளையும்கூட, தினம் ஒன்று வரைந்து பழகினால் அந்த 16 மார்க்கை மூன்று வாரத்தில் பிடித்துவிடலாம். ஒரு மார்க் கேள்விகளில் பத்து சரியாக வந்தால் 26. இரண்டு மார்க்கில் ஐந்து எழுதினால் 36. பாஸ். இந்தக் கணக்கை நாம் வாயால் சொல்லக் கூடாது. பிள்ளையே காகிதத்தில் போட்டுப் பார்க்க வேண்டும். "நான் பாஸாக மாட்டேன்" என்று உள்ளுக்குள் முடிவு கட்டியிருந்த பிள்ளை, "இன்னும் ஏழுதானே வேணும்" என்று சொல்லும் அந்த நொடியில் முகம் மாறுவதைப் பாருங்கள். ஊக்கம் என்பது வெளியிலிருந்து ஊட்டுவது என்று நினைக்கிறோம். வழி தெரிந்துவிட்டால் அது உள்ளிருந்தே வரும்.

அறிவியலிலும் இப்படித்தான். எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25. எழுத்தில் 20-ம் செய்முறையில் 15-ம் எடுத்தால் தேர்ச்சி. காய்ச்சலால் செய்முறை வகுப்புகளைத் தவறவிட்ட பிள்ளைகள் ஜனவரியிலேயே ஆசிரியரைக் கேட்டு அவற்றை முடித்துவிட வேண்டும். பிறகு ஆய்வகம் கிடைக்காது.

எப்படிப் படிப்பது என்பதிலும் ஒரு திருத்தம் தேவை. நம் வீடுகளில் படிப்பு என்றால் சத்தம்போட்டு வாசிப்பது. சத்தம் கேட்டால் படிக்கிறான், நின்றால் விளையாடுகிறான். பாவம், பிள்ளை ஒரே பத்தியை ஏழு முறை வாசித்துவிட்டுத் தெரிந்துவிட்டது என்று நம்புகிறது. 2006-இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக்கே என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் மாணவர்களைக் கொண்டு ஒரு சோதனை செய்தார்கள். ஒரு கூட்டம் ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தது. இன்னொரு கூட்டம் ஒரு கட்டம் மட்டும் வாசித்துவிட்டு, பிறகு பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடத்தில் கேட்டபோது வாசித்த கூட்டம்தான் முன்னால் நின்றது. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது வாசித்தவர்களுக்கு 40 சதவீதம் நினைவிருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 சதவீதம். புத்தகத்தை மூடிவிட்டு, நினைவில் வருவதை ஒரு பழைய நோட்டில் எழுது. பிறகு திறந்து எதை விட்டாய் என்று பார். இதற்குச் செலவு ஒன்றும் கிடையாது. குளிரில் வாய் மட்டும் ஓடிக் கண் சொருகும் மாலைகளில் தூக்கத்தையும் இது விரட்டும்.

இங்கே ஒரு நல்ல செய்தி. எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவும் இந்த வேலையில் உதவலாம். வேடசந்தூர் பக்கம் மில்லுக்குப் போய்விட்டு ஷிப்ட் முடிந்து வரும் அம்மா, "எனக்கு என்ன தெரியும், நான் எங்க சொல்லிக்கொடுக்க" என்று ஒதுங்க வேண்டியதில்லை. வெங்காயம் உரித்துக்கொண்டே, "இன்னிக்கு என்ன படிச்சே, எனக்குப் புரியிற மாதிரிச் சொல்லு சாமி" என்று கேட்டால் போதும். பிள்ளை தன் சொந்தச் சொற்களில் சொல்லத் தொடங்கும். எங்கே தடுமாறுகிறதோ அங்கேதான் அதற்குப் புரியவில்லை. "அது ஏன் அப்படி?" என்று நடுவில் ஒரு கேள்வி விழுந்தால் இன்னும் நல்லது.

பாராட்டுவதிலும் கவனம் வேண்டும். கிளாடியா முல்லர், கரோல் டுவெக் இருவரும் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், "நீ புத்திசாலி" என்று பாராட்டப்பட்ட ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள், கஷ்டமான புதிர்களில் தோற்றதும் சீக்கிரம் கைவிட்டார்கள். "நல்லா முயற்சி பண்ணினாய்" என்று பாராட்டப்பட்டவர்கள் தொடர்ந்து முயன்றார்கள். காரணம் எளிது. புத்தி குறைவு என்றால் செய்ய ஒன்றுமில்லை, முயற்சி குறைவு என்றால் கூட்டிக்கொள்ளலாம். ஆகவே "நேத்து வரையத் தெரியாத தொடுகோட்டை இன்னிக்கு வரைஞ்சிட்டியே" என்று நடந்ததைச் சொல்லிப் பாராட்டுங்கள். பொங்கலுக்கு வரும் சொந்தக்காரர்கள் முன்னால் மார்க்கைச் சொல்லி ஒப்பிடுவதை மட்டும் இந்த ஆண்டு நிறுத்திவிடுங்கள். பெரியம்மா மகன் 480 எடுத்தான் என்பது உங்கள் பிள்ளைக்கு ஏற்கெனவே தெரியும்.

பள்ளிகளுக்கும் ஒரு வேண்டுகோள். மார்கழி, தையில் ஆறரைக்குள் இருட்டத் தொடங்கிவிடுகிறது. கிராமத்துப் பிள்ளைகள், அதிலும் பெண் பிள்ளைகள், மாலைச் சிறப்பு வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போது மனம் பாதி பஸ் ஸ்டாண்டில் இருக்கும். இந்த மாதங்களில் அந்த வகுப்பை அரைமணி முன்னால் முடித்து, மிச்சத்தைக் காலையிலோ மதியமோ வைத்துக்கொள்ளலாம். வெறும் வயிற்றோடு ஐந்தரை மணிக்கு மனப்பாடம் செய்யவைப்பதைவிட, சுண்டலோ கடலையோ கொடுத்துவிட்டு முக்கால் மணி நேரம் நடத்துவது பலன் தரும். அரசுப் பள்ளிகளில் ஒன்று முதல் ஐந்து வரை படிக்கும் பிள்ளைகளுக்குக் காலை உணவு கிடைக்கிறது. மதுரையில் 2022 செப்டம்பரில் தொடங்கிய அந்தத் திட்டம் மறு ஆண்டு ஆகஸ்டில் மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ பிள்ளைக்கு அந்த ஏற்பாடு இல்லை. பரீட்சைப் பிள்ளை சாப்பிட்டுவிட்டுப் போகிறதா என்பதை வீடுதான் பார்க்க வேண்டும்.

ஊருக்கும் ஒரு பங்கு இருக்கிறது. கோட்டை மாரியம்மன் கோயில் மாசித் திருவிழாவும் பூச்சொரிதலும் திண்டுக்கல்லின் பெருமை. அதே நாட்களில்தான் பிளஸ் டூ பிள்ளைகள் கடைசித் திருப்புதலில் இருக்கிறார்கள். இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளில் இருப்பதுதான். அம்மனுக்கு ஒரு குறையும் வராமல், தெருமுனை மைக்கைக் கொஞ்சம் தணித்துவைக்கலாம். வீட்டில் சத்தம் அதிகம் என்றால் நூலகம் இருக்கிறது. நகரில் மாவட்ட மைய நூலகம், ஊர்களில் கிளை நூலகங்கள்.

இவ்வளவும் செய்தும் ஒரு பிள்ளை பேசாமல், சாப்பிடாமல், பிடித்த விளையாட்டையும் விட்டு இரண்டு வாரத்துக்கு மேல் ஒதுங்கியிருந்தால் அது படிப்புப் பிரச்சினை அல்ல. "நான் இருந்து என்ன பண்ணப் போறேன்" என்பது போன்ற ஒரு வார்த்தை வந்தால் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம். பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் 14417. மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் எண் 14416, கட்டணம் கிடையாது.

2025-இல் பிளஸ் டூ பொதுத்தேர்வு மார்ச் 3 அன்றும் பத்தாம் வகுப்புத் தேர்வு மார்ச் 28 அன்றும் தொடங்கின. பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததிலிருந்து எண்ணினால் முதலாவதற்கு ஆறு வாரம், இரண்டாவதற்கு ஒன்பதரை வாரம். ஆறு வாரம் குறைவும் இல்லை, ஏராளமும் இல்லை. உங்கள் வீட்டில் தேர்வெழுதும் பிள்ளை இருந்தால், மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் மாலை அந்த அரையாண்டு விடைத்தாளை எடுத்துப் பிள்ளையின் பக்கத்தில் உட்காருங்கள். கையில் ஒரு பென்சில் இருக்கட்டும். இருபது நிமிடம் போதும்.